ஏழு பாலையும் ஆறு தந்தியும்

கிதார் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்நாளில் ஒரு படத்தாளைத் தவறாமல் காணலாம். ஆறு தந்திகளைக் குறிக்கும் ஆறு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் மெட்டுகள், விரல் வைக்க வேண்டிய இடங்களில் கரும்புள்ளிகள். இவ்வாறு ஏழு படங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிரேக்கப் பெயர்: அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன். பிள்ளை ஏழு படங்களையும் மனப்பாடம் செய்கிறது. பெற்றோர் அதைப் பார்த்து, ‘இது மேனாட்டுச் சங்கதி, நமக்கு எட்டாது’ என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த ஒதுக்கம் இன்னும் சற்று மிகுதி. பாட்டு வகுப்பு ஓரிடம், கிதார் வகுப்பு வேறிடம். பாட்டிக்குத் தெரிந்த சங்கராபரணமும் பேரனுக்குத் தெரிந்த அயோனியனும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று அறியாமல் காலந்தள்ளுகின்றன.

அவை இரண்டும் ஒன்றே என்பதையும், அந்த ஏழு படங்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் ஏழு பாலைகளும் வந்துவிடமாட்டா என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். இரண்டாவது செய்தியே முக்கியமானது. முதலாவதைப் பலர் சொல்லியிருக்கின்றனர்; இரண்டாவதைப் படத்தாள்கள் சொல்வதில்லை.

முதலில் மெட்டு என்ற சொல்லைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகிறது. வீணைத் தண்டியின் மேல் மெழுகில் பதித்த வெண்கலக் கட்டையும் மெட்டு. பாட்டின் இசையமைப்பும் மெட்டு. கிதாரின் கழுத்தில் பதித்த உலோகக் கம்பியையும் மெட்டு என்றே அழைப்பதில் தடை ஏதும் இல்லை. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. 12 சுரத்தானங்கள் இரு முறை வருவதால் ஒரே தந்தியில் இரண்டு தாயி கிடைக்கிறது. கிதாரிலும் 12 மெட்டுகளுக்கு ஒரு தாயி. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அரைச்சுரம். கணக்கு ஒன்றே.

இப்போது கிதாரின் நான்காம் தந்தியை எடுத்துக்கொள்வோம். மெல்லிய தந்தியை முதலாவதாக வைத்து எண்ணுவது கிதார் மரபு. நான்காவது, டி என்னும் சுரத்துக்குக் கூட்டப்பட்டது. அதன் இரண்டாம் மெட்டில் ஈ என்னும் சுரம் பிறக்கிறது; அதை ஸட்ஜமாகக் கொள்வோம். 2, 4, 6, 7, 9, 11, 13, 14 என்ற மெட்டுகளை வரிசையாக அழுத்தி மீட்டினால் ஸ ரி க ம ப த நி ஸ. இரண்டு மெட்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற இடைவெளி. இதுவே 72 மேளகர்த்தாக்களில் 29ஆவதாகிய தீரசங்கராபரணம். மேனாட்டாரின் மேஜர் ஸ்கேல்.

இந்த வரிசையின் ஒலி நம்மில் எவருக்கும் புதிதன்று. நமது நாட்டுப்பண்ணின் பெரும்பகுதி இம்மேளத்துச் சுரங்களில்தான் நடக்கிறது. 1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ரவீந்திரநாத தாகூர், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய கல்லூரியில் தங்கியிருந்தார். தமது பாடலை அங்கேதான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் கசின்ஸின் துணைவியார் மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் முறையாக மேனாட்டு இசை பயின்றவர். அவர் கவியிடம் கேட்டு அதன் மெட்டை எழுத்தில் பதித்தார். வங்காளத்துப் பாட்டு, ஐரிஷ் அம்மையாரின் காது, தெலுங்கும் தமிழும் கலந்த ஊர். சுரங்கள் மட்டும் எவருக்கும் அன்னியமாகவில்லை.

அதே மாவட்டத்தோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொருவர் முத்துசுவாமி தீட்சிதர். அவருடைய முதற்பாடல் பிறந்ததாக மரபு கூறும் திருத்தணி, 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வீணையில் வல்ல அப்பெரியார், சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார்; அவற்றை நோட்டு சுரம் என்கிறோம். இங்கிலாந்து நாட்டு வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றுள் ஒன்று. அவையாவும் சங்கராபரணமே. ஆகவே கிதார்ப் படத்தின் முதற்கட்டத்தைக் கண்டு நாம் கூச வேண்டிய காலம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கழிந்துவிட்டது.

இனி மற்ற ஆறு. அதே மெட்டுகள், ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஆனால் ஸட்ஜத்தை ரிஷபத்துக்கு மாற்றிக் கொண்டால் அது கரகரப்பிரியா, மேனாட்டார் கூறும் டோரியன். காந்தாரத்துக்கு மாற்றினால் தோடி, அதாவது பிரிஜியன். மத்தியமத்தில் மேசகல்யாணி, லிடியன். பஞ்சமத்தில் அரிகாம்போதி, மிக்ஸோலிடியன். தைவதத்தில் நடபைரவி, ஏயோலியன். நிஷாதத்தில் ஒரு வரிசை பிறக்கிறது. ஆனால் அதற்குப் பஞ்சமம் கிடைப்பதில்லை. இதனைக் கர்நாடக இசையார் கிரகபேதம் என்பர். தமிழிசையார் பண்ணுப்பெயர்த்தல் என்பர்.

‘ஸட்ஜத்தை மாற்றிக் கொண்டால்’ என்று மிக எளிதாகச் சொல்லிவிட்டோம். அதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. பிள்ளை நான்காம் மெட்டிலிருந்து தொடங்கி வாசிக்கிறது. ‘இது டோரியன்’ என்கிறது. அன்று. பக்கத்தில் ஈ சுரம் ஆதாரமாக ஒலித்துக் கொண்டிருக்கும்வரை, எந்த மெட்டில் தொடங்கினாலும், எந்த மெட்டில் முடித்தாலும், அது சங்கராபரணமே; ரிஷபத்தில் தொடங்கிய சங்கராபரணம். பாலையை நிர்ணயிப்பது விரல் தொடங்கும் இடம் அன்று, காது இல்லம் என்று கொள்ளும் இடம்.

சித்தூர் வாழ் தமிழர்க்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது தலைநகர் சென்னை. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்ததும் கர்நூல். 1956இல் ஐதராபாத். பிறகு அமராவதி. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. வீடு அதே வீடு; தெருவும் கிணறும் அதேதான். ஆனால் மனுவை எந்தத் திசைக்கு அனுப்புவது, பள்ளியில் முதல் மொழி எது, யார் உள்ளூரார், யார் வெளியூரார் என்பவை மட்டும் ஆதாரத்தோடு சேர்ந்து மாறின. கிரகபேதத்தை ஓர் இராகத்தில் அறிவதற்கு முன்பே குடும்ப அட்டையில் அறிந்தவர்கள் அப்பகுதித் தமிழர்கள்.

நிற்க; கிதாருக்குத் திரும்புவோம். காது இல்லத்தை மாற்றிக் கொள்வது எப்படி என்பதை அதே நான்காம் தந்தியில் சோதிக்கலாம். இதற்குக் கிதார் நமக்குச் செய்யும் ஓர் உதவியைப் பலர் கவனிப்பதில்லை. தடித்த ஆறாம் தந்தி ஈ. ஐந்தாம் தந்தி ஏ. இரண்டாம் தந்தி பி. நாம் எடுத்துக்கொண்ட சங்கராபரணத்துக்கு இவை முறையே ஸட்ஜம், மத்தியமம், பஞ்சமம். மூன்றும் விரல் வைக்காமலே ஒலிக்கக் கூடியவை.

முதலில் ஆறாம் தந்தியை வெறுமனே மீட்டி, அது ஒலித்துக் கொண்டிருக்கையில் நான்காம் தந்தியில் மேற்சொன்ன மெட்டுகளை மெல்ல வாசிக்க வேண்டும். விரைவு கூடாது. ஒலி அடங்கும்போது ஆறாம் தந்தியை மறுபடி மீட்ட வேண்டும். கேட்பது சங்கராபரணம். பின்னர் ஆறாம் தந்தியை விட்டுவிட்டு ஐந்தாம் தந்தியை மீட்டத் தொடங்க வேண்டும். இடது கை அதே மெட்டுகளில்தான் செல்கிறது. ஆனால் சில நொடிகளில் ஏழாம் மெட்டு இல்லமாகிவிடுகிறது. சற்றுமுன் நிஷாதமாய் நின்று மேல் ஸட்ஜத்துக்கு ஏங்கிய 13ஆம் மெட்டு, இப்போது பிரதி மத்தியமமாக நின்று ஒளிர்கிறது. இது கல்யாணி. அடுத்து, இரண்டாம் தந்தியை மீட்டினால் ஒன்பதாம் மெட்டு ஸட்ஜம். ஏழாம் மெட்டு கைசிகி நிஷாதமாகித் தாழ்ந்து இனிக்கிறது. இது அரிகாம்போதி. விரல்கள் ஒரு மெட்டும் மாறவில்லை. மூன்று இராகங்களின் சாயல் மூன்று வெற்றுத் தந்திகளிலிருந்து வந்தது.

படத்தாளைத் தூக்கியெறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஏழு படங்கள் எதற்கு என்பதைப் புரிந்து கொண்டால் போதும். கிதாரின் ஆறு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனக் கூட்டப்படுகின்றன. அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து மெட்டுத் தூரம். ஜி தந்திக்கும் பி தந்திக்கும் இடையே மட்டும் நான்கு. இந்த ஒரு விதிவிலக்கால் ஒரே சுரவரிசை இரண்டாம் தந்திக்கு வந்ததும் ஒரு மெட்டு தள்ளி அமைகிறது; கையின் வடிவம் குலைகிறது. அதற்காகவே கழுத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம் போடுகின்றனர். அவை ஒரே நிலத்தின் ஏழு வரைபடங்கள், ஏழு நிலங்கள் அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டியதால்தான், கையை நகர்த்தினால் பாலை மாறிவிடும் என்ற மயக்கம் உண்டாயிற்று. மேனாட்டு இசையிலும் அடியில் நிற்கும் கனத்த சுரமும் இசையின் உடன் ஒலிகளுமே இல்லத்தைத் தீர்மானிக்கின்றன. அவர்களுள் அறிந்தோர் இதை நன்கறிவர்.

நம் வீணைக்கு இதில் நேர்மாறான தொல்லை. அதன் பக்கத்துத் தாளத்தந்திகள் மூன்றும் ஸட்ஜ பஞ்சமங்களை விடாது ஒலிக்கின்றன. பின்னால் தம்பூரா வேறு. ஆதலின் கச்சேரியில் பாடகர் கிரகபேதம் செய்யும்போது, பழைய ஸட்ஜம் ஒலித்துக் கொண்டே இருக்க, புதிய ஸட்ஜத்தைத் தம் குரலின் வலிமையால் மட்டுமே நிலைநாட்ட வேண்டும். சில நொடிகள் அந்த மாயையில் அவையை நிறுத்தி, மீண்டும் மூல இராகத்தில் வந்து விழுவது வித்தையின் உச்சம். ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) இதில் பெரும்புகழ் பெற்றார். ஆதாரத்தை விடாப்பிடியாகக் காக்கும் இசையில்தான் அதை மாற்றிக் காட்டுவது சாகசமாகிறது. கிதாரில் அது அன்றாடச் செயல். இரண்டையும் ஒருசேர அறிந்த பிள்ளைக்கு இதைப்போல் காதுக்குப் பயிற்சி வேறில்லை.

இனிச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மோடு என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைத் திறந்தால் முறை, பாங்கு, வகை என்று வருகின்றன, ஒன்றும் ஒட்டவில்லை. ஸ்கேல் என்பதற்கு அளவு என்று எழுதினோரும் உண்டு. அது இலத்தீனில் ஏணியைக் குறித்த சொல். அளவுகோலுக்கு இங்கே வேலை இல்லை. பரத முனிவர் வழக்கில் மூர்ச்சனை என்பது பொருந்தும். எனினும் நம்மிடமே, இப்பொருளுக்கென்றே ஆக்கி வைத்ததுபோல், பாலை என்ற சொல் இருக்கிறது. பாலை நிலத்துக்கும் இதற்கும் குழப்பம் வருமே என்று அஞ்ச வேண்டாம். இடம் நோக்கிப் பொருள் தெளியும்.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலாக நிற்பவள் மாயவன், இளி, அவன் தமையன், துத்தம், நப்பின்னை. வட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை; எவளைக் குரல் என்று கொள்கிறோமோ அவளிடத்தில் பாலை தொடங்குகிறது. பழைய உரையாசிரியர்கள் பன்னிரண்டு இராசிகளில் சுரங்களை நிறுத்தி இதை வட்டப்பாலை என விளக்கினர். இசையைக் கண்ணால் காட்ட வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் போடாமல் ஏழு பெண்களைக் கைகோத்து ஆடவிட்ட இளங்கோவடிகளின் படத்தாள், நம் கருத்தில், மற்றெல்லாப் படத்தாள்களையும் விஞ்சியது. வேங்கட மலை அக்காப்பியத்திலேயே வருணிக்கப்படுகிறது என்பதைத் திருப்பதி நேயர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஏழு பாலைகளின் பெயர்கள்: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொள்வது இன்று பெரும்பான்மை ஆய்வாளர் கொள்கை. அவ்வாறு கொண்டு வரிசையாகக் குரலை மாற்றினால் நடபைரவி, பஞ்சமம் இல்லாத அந்த வரிசை, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி என அமைகின்றன. உ. வே. சாமிநாதையர் 1892இல் உரையோடு காப்பியத்தை அச்சிட்ட பிறகே இந்த ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தையும், ஈழத்துக் காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலையும் வெளியிட்டனர். அவர்களுக்குள் முடிபுகள் வேறுபடும். அதனால் மனம் தளர வேண்டாம். மேனாட்டிலும் இதே கதைதான். பண்டைக் கிரேக்கர் டோரியன் என்றதும் இன்று டோரியன் எனப்படுவதும் ஒன்றல்ல. இடைக்காலத்தில் பெயர்கள் இடம் மாறின. அயோனியன், ஏயோலியன் என்ற இரண்டையும் 1547இல் கிளாரியானுஸ் என்ற அறிஞர் சேர்த்தார். ஆதலால் யார் யாரிடமிருந்து கடன் வாங்கினர் என்று வழக்காடுவது வீண். ஏழு சுரமும் ஒரு காதும் இருந்தால் எந்த நாட்டிலும் இது புலப்பட்டே தீரும்.

ஆனால் பெருமிதத்தில் இன்னொரு தவறும் நேர்கிறது. பிரிஜியன் வாசிக்கத் தெரிந்தால் தோடி தெரிந்துவிட்டது என்று சில பிள்ளைகளும், பிள்ளையைவிட அதிகமாகப் பெற்றோரும் நினைக்கின்றனர். மெட்டுகளில் கிடைப்பது தோடியின் எலும்பு மட்டுமே. தோடியின் காந்தாரம் ஒரு மெட்டில் நிற்பதன்று, அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவில்தான் இராகம் வாழ்கிறது. வீணையில் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அதைக் கொண்டுவருகின்றனர். கிதாரிலும் அவ்வாறே இழுக்கலாம். மேலும், கிதாரின் மெட்டுகள் தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிப்பவை. அதனால் அதன் காந்தாரம், தம்பூராவில் தானே எழும் காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். காது பழகியவர்க்கு இது உறுத்தும். இவ்வளவு தடைகளுக்கும் இடையில் அக்கருவியில் கர்நாடக இசையை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றவர் பிரசன்னா. சித்தூருக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாத ராணிப்பேட்டையில் பிறந்தவர்.

எல்லை தாண்டுவது இப்பகுதி இசைக்குப் புதிதும் அன்று. சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை (1898–1975) ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர்; குருவோ காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை; சீடரோ மதுரை சோமு. 1954இல் சென்னையில் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரி இருக்கிறது. கிதார் பயிலும் பிள்ளையை ஒருநாள் அத்தகைய ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று, வீணை வாசிப்பவரின் இடக்கையை அருகிலிருந்து பார்க்கச் செய்வது, நூறு படத்தாள்களினும் பயன் தரும்.

வீட்டில் தொடங்க விரும்புவோர்க்கு எளிய வழி ஒன்று. ஆறாம் தந்தியை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டை எப்போதும் ஸட்ஜமாகக் கொள்க. சங்கராபரணத்தில் 13ஆம் மெட்டுக்குப் பதில் 12 என்றால் அரிகாம்போதி. ஏழுக்குப் பதில் எட்டு என்றால் கல்யாணி. ஆறை ஐந்தாகவும் 13ஐ 12ஆகவும் தாழ்த்தினால் கரகரப்பிரியா. அதனோடு 11ஐப் பத்தாக்கினால் நடபைரவி. நான்கையும் மூன்றாக்கினால் தோடி. நாளுக்கு ஒன்று போதும். பாட்டு அறிந்த பெரியவர் ஒருவர் எதிரில் அமர்ந்து இராகத்தின் பெயரைச் சொல்லட்டும். பிள்ளை கிரேக்கப் பெயரைச் சொல்லட்டும்.

ஏழாவது மிச்சம் இருக்கிறது. கர்நாடக இசையில் அதற்கு மேளகர்த்தா இடம் இல்லை. பஞ்சமம் இன்றி இரு மத்தியமங்களோடு நிற்பதால் விலக்கிவிட்டனர். கிதார் நூல்களும் லோக்ரியனை ‘அரிதாக ஆளப்படுவது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. தமிழ் மட்டும் செவ்வழி என்ற பெயரை ஏழனுள் ஒன்றாக வைத்துக்கொண்டது. அப்பெயருடைய பண்ணுக்கு மாலைப்பொழுதையும் ஒதுக்கியது. அதைக் காலையிலே இசைத்துப் பொழுது மயங்கிய பாணர்களைப் பற்றிப் புறநானூற்றில் ஒரு பாட்டே இருக்கிறது. அந்த வரிசையைக் கேட்க விரும்புவோர் ஐந்தாம் தந்தியின் ஆறாம் மெட்டை ஒரு விரலால் அழுத்தி அதை ஆதாரமாக மீட்டிக்கொண்டு, நான்காம் தந்தியில் 1, 2, 4, 6, 7, 9, 11, 13 ஆகிய மெட்டுகளை மெதுவாக வாசிக்கலாம். ஒரு விரல் ஆதாரத்தில் கட்டுண்டு கிடப்பதால் மேல் மெட்டுகள் எட்டா. அங்கே தம்பி தங்கையர் எவரேனும் ஐந்தாம் தந்தியை அழுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். விளக்கு ஏற்றும் வேளையில் செய்து பார்ப்பது நலம்.